கோட் அடித்தவன்

பத்தாம் வகுப்பில் கோட் அடித்தவன் நான். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லாவிட்டால் என் சொந்தக்காரர்களில் யாராவது சொல்லிவிடுவார்கள். முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அவர்களுக்கு அலுக்கவில்லை.

சென்னையில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பரீட்சையில் தேறாமல் போனவனை 'கோட் அடிச்சிட்டான்' என்பார்கள். ஃபெயில் என்று ஒரு சொல் இருக்கும்போது இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஃபெயில் என்பது மார்க்கைப் பற்றிய பேச்சு. கணக்கில் ஃபெயில், அறிவியலில் பாஸ் என்று பிரித்துச் சொல்லலாம். கோட் அப்படியில்லை. கணக்கில் கோட், அறிவியலில் கோட் இல்லை என்று ஒருவரும் சொல்வதில்லை. கோட் அடித்தால் ஆள் மொத்தமாகக் காலி.

எனக்கு ஐந்து பாடத்தில் நான்கு நன்றாகவே வந்தது. கணக்கில் முப்பத்திரண்டு. மூன்றே மூன்று மார்க் குறைவு. அதையும் அந்த அக்டோபரிலேயே திரும்ப எழுதி நாற்பத்தெட்டு வாங்கிவிட்டேன். அந்த நாற்பத்தெட்டு எங்கள் குடும்பத்தில் ஒருத்தருக்கும் ஞாபகமில்லை. என் கல்யாண மண்டபத்தில், பெண் வீட்டார் காதில் விழும்படி, என் சித்தப்பா ஒருவர் சிரித்துக்கொண்டே, "இவன் பத்தாவதுல கோட் அடிச்சவன், ஆனா கெட்டிக்காரன்" என்றார். பாராட்டுகிறாராம். அந்த 'ஆனா'வுக்காக அவரை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள் எனக்குக் கடை. டிடிபி, ஜெராக்ஸ், லேமினேஷன், பேனர் டிசைன் எல்லாம் செய்வேன். பக்கத்துக் கடையில் ரப்பர் ஸ்டாம்ப் செய்யும் பாய் இருக்கிறார். மதிய நேரத்தில் ஆள் வராதபோது இரண்டு பேரும் டீயை வைத்துக்கொண்டு எதையாவது பேசிக்கொண்டிருப்போம். ஒருநாள் இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பேச்சு வந்தது. அகராதியில் பார்த்தேன், இல்லை. கைபேசியில் தேடினேன், ஆளுக்கொரு கதை எழுதியிருந்தார்கள். ஒருவர் இங்கிலீஷ் ஆடு என்கிறார், ஒருவர் மேலே போடும் கோட்டு என்கிறார். படித்தால் சிரிப்புத்தான் வந்தது.

பாய் அதற்குத் தன் வீட்டு உருதுவிலிருந்து ஒரு வழி சொன்னார். அவர்கள் பேச்சில் 'கோட்' என்றால் குறை, கலப்படம். தங்கத்தில் செம்பைக் கலந்தால் அது கோட். செல்லாத காசுக்கு 'கோட்டா சிக்கா' என்று பெயர். இந்தப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக இரண்டு பாஷையும் கலந்து புழங்குவதால், செல்லாத காசைச் சொன்ன வாய் தேறாத பையனையும் சொல்லியிருக்கும் என்பது அவர் கட்சி. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு வேறு யூகம் இருந்தது. எங்கள் கணக்கு வாத்தியார் முப்பத்தைந்துக்குக் கீழே எடுத்தவர்களின் மார்க்குக்கு அடியில் சிவப்புப் பேனாவால், மர ஸ்கேல் வைத்து, நேராக ஒரு கோடு இழுப்பார். கோடு இழுக்கும்போது மட்டும் அவர் கையில் அவ்வளவு பொறுமை வரும். பாடம் நடத்தும்போது அந்தப் பொறுமை எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது. ரேங்க் கார்டில் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் வீட்டில் அடி விழும். அந்தச் சிவப்புக் கோடுதான் இந்தக் கோட் என்று நான் அடித்துச் சொன்னேன். பாய் ஒப்புக்கொள்ளவில்லை. எந்த வழியில் வந்திருந்தாலும், தேறியவர்கள் உட்கார்ந்து தேறாதவர்களுக்காகச் செய்த சொல் என்பதில் மட்டும் எங்கள் இருவருக்கும் சண்டையில்லை. கோடு போட்டவர் வாத்தியார், அடித்ததாகப் பெயர் என் தலையில். எவ்வளவு வசதி பாருங்கள்.

இந்த ஆராய்ச்சியெல்லாம் எதற்கு இப்போது என்றால், போன வருடம் என் மகளுக்கு நடந்ததைச் சொல்லத்தான்.

என் கடைக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு மெட்ரிக் பள்ளிக்கூடம் இருக்கிறது. பெயர் வேண்டாம். பதினைந்து வருடத்துக்கு மேலாக அவர்களுக்கு ஐடி கார்டு, ஃபீஸ் ரசீது, ஆண்டு விழா அழைப்பிதழ் எல்லாம் என் கடையில்தான். மே மாதம் ரிசல்ட் வந்ததும் கேட்டில் கட்டும் பேனரும் நான்தான் செய்வேன். 'பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி' என்று கொட்டை எழுத்தில் போட்டு, முதல் மூன்று பிள்ளைகளின் படத்தை வட்டத்துக்குள் வைத்து, நான்கு மூலையிலும் பூங்கொத்து வைப்பேன். வருடா வருடம் நூறு சதவீதம்தான். ஒரு வருடம்கூடக் குறையாது. என் மகளையும் அங்கேயே எல்கேஜியில் சேர்த்தேன். தெரிந்த இடம், நம் மேல் மரியாதை வைத்திருக்கிறார்கள் என்ற தைரியம்.

நூறு சதவீதம் எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும், பத்தாவதில் தேறுவார்களா என்று சந்தேகம் உள்ள பிள்ளைகளின் அப்பா அம்மாவைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். டிசி வாங்கிக்கொண்டு வேறு இடம் பார்க்கச் சொல்வார்கள், அல்லது பிரைவேட்டாக எழுதச் சொல்வார்கள். வருடத்துக்கு ஐந்து பேரோ ஆறு பேரோ அப்படிக் கழிந்துபோவார்கள். மிச்சம் இருப்பவர்களை வைத்து நூறு சதவீதம். ஊரில் பல பள்ளிக்கூடங்களில் நடப்பதுதான் என்று நானும் இருந்துவிட்டேன். யார் வீட்டுப் பிள்ளையோ என்றால் நமக்குத் தூக்கம் கெடுவதில்லை, அதுதான் உண்மை.

அந்த டிசி விண்ணப்பமும் என் கடையில்தான் அச்சாகும். அது மட்டும் இல்லை. அந்த வாசகமே நான் எழுதியது.

சில வருடங்களுக்கு முன்னால் பள்ளிக்கூடத்து கிளார்க் ஒரு தாளில் பேனாவால் கிறுக்கிக்கொண்டு வந்தார். 'பள்ளி நிர்வாகத்தின் ஆலோசனைப்படி என் மகன்/மகளுக்கு மாற்றுச் சான்றிதழ் கேட்கிறேன்' என்று இருந்தது. மேலிடத்தில் அதை ஏற்கவில்லையாம். பள்ளிக்கூடத்தின் பெயரே அதில் வரக்கூடாதாம். தமிழில்தான் இருக்க வேண்டும், அப்போதுதான் புரியாமல் கையெழுத்துப் போட்டேன் என்று பின்னால் யாரும் சொல்ல முடியாது என்றாராம் கரஸ்பாண்டென்ட். கிளார்க் என்னைப் பார்த்து, நீங்கதான் சார் நல்லா தமிழ் எழுதுவீங்க, ஏதாவது சரி பண்ணிக் குடுங்க என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்தாவதில் கோட் அடித்தவனிடம் ஒரு பள்ளிக்கூடம் தமிழ் கேட்டு வந்திருக்கிறது. உட்கார்ந்து யோசித்து எழுதினேன். 'குடும்பச் சூழ்நிலை காரணமாக, எவருடைய வற்புறுத்தலும் இன்றி, என் முழு விருப்பத்தின் பேரில் என் மகன்/மகளுக்கு மாற்றுச் சான்றிதழ் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' 'எவருடைய வற்புறுத்தலும் இன்றி' என்பதை நானாகச் சேர்த்தேன். அவர் அதைக் கேட்கக்கூட இல்லை. படித்துப் பார்த்துவிட்டு, சூப்பர் சார் என்று கையைக் குலுக்கிவிட்டுப் போனார். அன்று மாலை பாயிடம்கூடப் பெருமையாகப் படித்துக் காட்டினேன். நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருக்கிறது.

போன வருடம் ஏப்ரல் கடைசியில் ஒருவர் அந்த விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை அவருக்கு. சட்டைக் கையில் வெள்ளைத் துளிகள் காய்ந்திருந்தன. முன்னே அடையாறு ஆற்றங்கரையில் குடியிருந்தவர்கள், அரசாங்கம் அங்கிருந்து காலி பண்ணி, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்திருந்தது. அவர் பெண்ணும் என் மகளும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. பள்ளிக்கூடத்தை மாற்றக் கூடாது என்று அந்தப் பெண் விடியற்காலையில் பஸ் பிடித்து அவ்வளவு தூரத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் பலமுறை சாப்பிட்டிருக்கிறாள். சிரித்தால் நிறுத்த மாட்டாள்.

"ஸ்கூல்ல குட்த்தாங்க சார். எனக்கு கையெழுத்து மட்டும்தான் போட வரும். கொஞ்சம் எழுதிக் குடு சார்" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். பெண்ணின் பெயர், வகுப்பு, பிறந்த தேதி எல்லாம் கேட்டுக் கேட்டு, கோடு தாண்டாமல், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்பினேன். எதற்கு டிசி வாங்குகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடையில் நான்கு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக் காட்டினேன். அவர் என் பேனாவை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு மெதுவாகத் தன் பெயரை எழுதினார். கும்பிட்டுவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. ரிசல்ட் பேனர் விஷயமாக இருக்கும் என்று முந்தின வருட டிசைனை எடுத்துக்கொண்டு போனேன். தலைமையாசிரியை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார்கள். மேஜைமேல் அந்த விண்ணப்பம் இருந்தது. மகன்/மகள் என்பதற்குப் பக்கத்தில் என் மகளின் பெயரை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்கள்.

அந்த அம்மாள் ஒரு இடத்திலும் குரலை உயர்த்தவில்லை. கோட் என்ற சொல்லோ ஃபெயில் என்ற சொல்லோ அவர் வாயில் வரவே இல்லை. அதையெல்லாம் நாங்கள் தெருவில் சொல்லிக்கொள்வது. அவர்களிடம் வேறு சொற்கள் இருந்தன. ஸ்லோ லேர்னர் என்றார். பிரஷர் இல்லாத சூழல் என்றார். பாப்பாவோட நல்லதுக்குத்தான் என்று மட்டும் மூன்று முறை சொன்னார். கணக்கில் அவள் இருபத்தொன்பது எடுத்திருக்கிறாள். மற்றதில் எல்லாம் ஐம்பதுக்கு மேல். அதை நான் சொன்னபோது தலையை ஆட்டினார், குறித்துக்கொண்டதுபோல.

"உங்களை நாங்க வெளியாளா நினைக்கலை சார், அதனாலதான் ஓப்பனா பேசறேன். டென்த்ல ரிஸ்க் எடுக்க முடியாது."

"யாருக்கு மேடம் ரிஸ்க்?" என்றேன்.

அவர் விண்ணப்பத்தை என் பக்கம் நகர்த்தினார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தது.

எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. பதினொரு வருடம் என் மகளை வைத்துக்கொண்டு, ஒரு கணக்கை உருப்படியாகச் சொல்லித்தரத் துப்பில்லை. வருடம் முழுக்க சம்பளம் வாங்கிக்கொண்டு, கடைசியில் பிள்ளையைப் போ என்கிறார்கள். அதுவும் நான் போவதாக நானே எழுதிக் கொடுக்க வேண்டும். எவருடைய வற்புறுத்தலும் இன்றி. அந்த வரியைப் படித்தபோது முதலில் கோபம் அவர்மேல் வந்தது. அடுத்த நிமிடமே அது திரும்பி என்மேல் வந்தது. இந்த வரியை அவர்களுக்குச் செய்து கொடுத்த மகானுபாவன் யார்? நான்தானே? எத்தனை அப்பன்கள் இந்த நாற்காலியில் உட்கார்ந்து, வயிறு எரிந்துகொண்டே, முழு விருப்பம் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்!

பேனாவை எடுத்தேன். 'குடும்பச் சூழ்நிலை' என்பதிலிருந்து 'முழு விருப்பத்தின் பேரில்' வரை நேராக ஒரு கோடு இழுத்தேன். அதற்கு மேலே, 'பள்ளிக்கூடத்தார் வெளியே போகச் சொன்னதால்' என்று எழுதினேன். கீழே கையெழுத்தும் போட்டு, தேதியும் போட்டு, அவர் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.

இதை வாங்கிக்கொள்ள முடியாது என்றார். அப்படியானால் டிசி வேண்டாம் என்றேன். நாளைக்குப் பத்தாவதில் ஏதாவது ஆனால் யார் பொறுப்பு, அதை எழுதித் தருகிறீர்களா என்று கேட்டார். எழுதித் தருகிறேன், அவள் தேறினால் யார் பொறுப்பு என்று நீங்கள் எழுதித் தாருங்கள் என்றேன். அவர் முகம் சிவந்தது. கிளார்க்கைக் கூப்பிட மணியை அழுத்தப் போனார். நான் அவசரப்படாமல் சொன்னேன்: "மேடம், இந்த வாசகம் நான் எழுதினது. யார் கேட்டு எழுதினேன், முதல்ல என்ன இருந்துது, எதை மாத்தச் சொன்னாங்க, எல்லாம் என் கம்ப்யூட்டர்ல இருக்கு."

மணியிலிருந்து கையை எடுத்துவிட்டார். அப்புறம், சரி, ஜூன்ல அனுப்புங்க, பார்க்கலாம் என்றார். பேனர் டிசைனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அந்த வருடம் பேனரை வேறு கடையில் கொடுத்துவிட்டார்கள், அது வேறு விஷயம்.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்து நடந்ததை எல்லாம் நடித்துக் காட்டினேன். என் மனைவி, கத்திட்டு வந்தியா, சந்தோஷம் என்றாள். ஆனால் அன்று ராத்திரி சாப்பாட்டில் அப்பளம் பொரித்திருந்தாள். மகள் கணக்குப் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள், திறக்கவில்லை. நான் பெரிய வீரன்போல் ஒரு மாதம் திரிந்தேன். பாயிடம் மூன்று தடவை சொன்னேன். அவர் மூன்றாவது தடவையும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டார். நல்ல மனிதர்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. முதல் நாள் மாலை மகள் வீட்டுக்கு வந்து பையை வைத்தாள். யூனிஃபார்ம்கூட மாற்றாமல் என் எதிரே வந்து நின்றாள். பெஞ்சில் தான் மட்டும் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னாள். வகுப்பில் ஐந்து பேருக்கு அந்த விண்ணப்பத்தைக் கொடுத்தார்களாம். நான்கு பேர் வரவில்லை. வந்தது இவள் ஒருத்திதான்.

உனக்காக அப்பா சண்டை போட்டேன் இல்லையா என்று நான் ஆரம்பித்தேன். அவள் முடிக்க விடவில்லை.

"அவ ஃபார்மை நீதானப்பா எழுதிக் குடுத்த?"

எப்படித் தெரியும் என்று கேட்டேன். ரேங்க் கார்டு கொடுத்த அன்று, கிளார்க் அந்த விண்ணப்பத்தை வகுப்பு டீச்சரிடம் காட்ட எடுத்து வந்தபோது பார்த்திருக்கிறாள். அப்பன் எழுத்து மகளுக்குத் தெரியாதா? ஏப்ரலிலிருந்து அதை மனசில் வைத்துக்கொண்டு, நான் வீட்டில் அளந்த வீரக் கதையையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அன்றைக்குக் கடையில் நான்கு பேர் காத்திருந்தார்கள் என்று சொன்னேன். எனக்கே அது கேவலமாக இருந்தது. அவள் உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை, சாத்தியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

எனக்கு மட்டும் எப்படி அந்த நாற்காலியில் அவ்வளவு வாய் வந்தது? வாசகம் என்னுடையது, கம்ப்யூட்டர் என்னுடையது, அவர்கள் கதை என் கையில் இருந்தது. அந்த பெயின்டர் கையில் என்ன இருந்தது? நான் பென்சிலால் வைத்த புள்ளி இருந்தது. என்னைக் கோட் அடித்தவன் என்று முப்பது வருடம் சொன்னவர்கள்மேல் நான் வளர்த்த ஆத்திரத்தில் பாதியையாவது அன்று ஒரு கேள்வியாகக் கேட்டிருக்கலாம். எதுக்குங்க டிசி? இவ்வளவுதான். அதைக் கேட்க எனக்கு நேரமில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பெரும்பாக்கம் போனேன். மகளும் வருகிறேன் என்றாள். வழி முழுக்க ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரே மாதிரி உயரக் கட்டடங்கள், ஒரே மாதிரி படிக்கட்டுகள், கேட்டுக் கேட்டுத்தான் கண்டுபிடித்தோம். ஐந்தாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. கதவு திறந்தே இருந்தது.

பெயின்டர் என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து, லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு, வீட்டில் இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் மனைவி டீ போடப் போனார். அந்தப் பெண் என் மகளைப் பார்த்துச் சிரித்தாள், ஆனால் சீக்கிரம் நிறுத்திவிட்டாள். வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாளாம். அம்மா வீட்டு வேலைக்குப் போகும் இடத்துக்குக் கூடவே போய்க் கொஞ்சம் உதவி செய்கிறாளாம். பிரைவேட்டாக எழுதப் பணம் கட்டினார்களா, படிக்கிறாளா என்று கேட்டேன். அப்படி ஒன்று இருப்பதாகவே அவர்களுக்கு யாரும் விளக்கவில்லை. டிசி கொடுத்தால் படிப்பு முடிந்தது என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எப்படிம்மா இருக்கே என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். "நான் கோட் அட்ச்சிட்டேன் அங்கிள். அதான் வூட்ல கீறேன்" என்றாள். பஸ் போய்விட்டது, அடுத்த பஸ்ஸில் வருகிறேன் என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னாள்.

"நீ பத்தாவது பரீட்சையே எழுதலையேம்மா."

"எழுதினாலும் அப்டிதான் ஆவுன்னு மேடம் அப்பாகிட்ட சொன்னாங்க அங்கிள்."

என் காது இரண்டும் எரிந்தது. என்னைக் கோட் அடித்தவன் என்று சொன்னவர்களாவது, நான் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதிய பிறகு சொன்னார்கள். என் மார்க்குக்கு அடியிலாவது ஒரு கோடு இருந்தது. இந்தக் குழந்தை கேள்வித்தாளைப் பார்க்கக்கூட இல்லை. எவன் எங்கே உட்கார்ந்து இவளுக்குக் கோடு போட்டான்? படுபாவிகள் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். டீயோடு வந்த பெயின்டர் மனைவி அப்படியே நின்றுவிட்டார்.

பிறகு பெயின்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தத் தாளில் என்ன இருந்தது என்று வரி வரியாகச் சொன்னேன். நீங்கள் விரும்பிக் கேட்டதாக அதில் எழுதியிருக்கிறது, உங்களை யாரும் வற்புறுத்தவில்லை என்று எழுதியிருக்கிறது, அதை எழுதியது நான், நிரப்பியதும் நான், தப்பு என்னுடையது என்றேன். திட்டுவார், எழுந்து போ என்பார் என்று எதிர்பார்த்தேன். அதைக் கேட்கத்தான் வந்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

அவர் கொஞ்சம் சங்கடமாகச் சிரித்தார். "அட நீ இன்னா சார் பண்ணுவ. எவ்ளோ அயகா எழுதிக் குட்த்த. எழுத்து முத்து முத்தா கீதேன்னு மேடமே சொன்னாங்க."

என் மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீ டம்ளர் என் கையில் சுட்டது, கீழே வைக்க இடம் தெரியவில்லை.

இன்னும் நாள் இருக்கிறது, பக்கத்திலேயே அரசாங்கப் பள்ளிக்கூடம் இருக்கிறது, பத்தாவதில் சேர்த்துக்கொள்வார்கள், டிசியை மட்டும் எடுத்து வையுங்கள், நாளைக்குக் காலையில் கடையைச் சாத்திவிட்டு நானே வருகிறேன் என்றேன். கணக்குக்கு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வரட்டும், ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ஆள் பார்க்கிறேன் என்றேன். பேசிக்கொண்டே போனேன், நிறுத்தினால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். அந்தப் பெண் அப்பாவின் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒரு கேள்வி கேட்கவில்லை. சட்டைப் பையைத் தடவினார், பேனா இல்லை, என் பையிலிருந்த பேனாவுக்குக் கையை நீட்டினார்.

"நீ சொன்னா சரி சார். எங்க கையெழுத்து போடணும்னு காட்டு, போட்டுர்றேன்."